பாத்திமுத்துவின் பேரில் ஒரு கண்

மாவில் முடி கிடந்தது. சென்னியம்மாள் கரண்டியால் அதை ஒதுக்கப் பார்த்தாள். கரண்டி போன பக்கமெல்லாம் முடியும் நகர்ந்தது. விரலை விட்டுத் துழாவினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. சந்தேகத்தோடு விற்க மனசு வராமல் கிரைண்டரில் இருந்த மாவு முழுவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுபடியும் அரிசி களைய உட்கார்ந்தாள். களைந்த தண்ணீரிலும் அதே முடி மிதந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது.

முடி மாவில் இல்லை, தன் வலது கண்ணுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உக்கடம் பெரியகுளத்துக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் பொதுக் குழாய். சென்னியம்மாள் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். கணவர் தம்பிதுரை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் ஹரிதா ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

சென்னியம்மாளுக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. வீட்டில் இருக்கும் மூன்று பேரையும் எதிர்வீட்டுப் பாத்திமுத்துவையும் தவிர இந்தக் காம்பவுண்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. தெரியவும் கூடாது. ஹரிதாவுக்கு முதலில் வந்த வரன், பெண்ணின் அம்மாவுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் நழுவிப் போயிற்று. நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பிறக்கிற குழந்தைக்கும் வரும் என்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா உளுந்து டின்னுக்குள் ஒளிந்துகொண்டது.

இப்போது அமைந்திருக்கும் மாப்பிள்ளை அருள்குமார். பொள்ளாச்சிப் பையன். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய அம்மா, எங்கூட்டுல சக்கரை, பிரஷர்னு யாருக்கும் ஒண்ணுமில்லீங்க, அந்த மாதிரி இடமாத்தான் பாத்துட்டிருக்கறமுங்க என்று சிரித்தபடியே சொன்னார். சென்னியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து இரண்டு ஜாங்கிரி எடுத்துத் தின்று காட்டினாள். நிச்சயத்தன்றைக்கும் அதே வேலைதான். பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்தி.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் ராசாத்தாள், அருள்குமாருடைய சித்தி. அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. வாரம் ஒருமுறை காம்பவுண்டுக்கு வருவாள். சென்னியம்மாள் ஒவ்வொரு முறையும், எனக்கென்னங்க, கல்லுக் குண்டாட்ட இருக்கறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். மாத்திரையை டவுன்ஹால் பக்கம் போய்த் தெரியாத கடையில் வாங்கி வருவாள்.

கண்ணுக்குள் முடி தெரிகிறது என்று கேட்டதும் பாத்திமுத்து பயந்துவிட்டாள். வியாழக்கிழமை நகர்நல மையத்தில் சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணைப் படம் எடுக்கிறார்கள், தனக்கும் சர்க்கரை என்பதால் பாத்திமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார்கள். படத்தை அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டர் பார்த்து உடனே சொல்லிவிடுவார். ஆனால் வாசலில் நின்று பெயர் கூப்பிடப் போவது ராசாத்தாள்.

 பாத்திமுத்து உள்ளே போய்த் தன்னுடைய கறுப்புப் பர்தாவை எடுத்து வந்து சென்னியம்மாளின் மடியில் போட்டாள்.

"என் பேருல போயிட்டு வா அம்மணி. முகத்தை மூடிக்கோ. கேட்டா இருமு, சளின்னு நெனச்சுக்குவாங்க. எனக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சென்னியம்மாள் இருமிக்கொண்டே போய் இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். ராசாத்தாள் அவளைப் பார்த்து, என்னங்க பாத்திக்கா, இன்னைக்கு முகத்தையெல்லாம் மூடிக்கிட்டு, பேச்சையும் காணோம் என்று கேட்டபோது இருமலில் உயிரே போய்விடும் போலிருந்தது. பெயர் கூப்பிட்டு உள்ளே போன பிறகுதான் சென்னியம்மாளுக்கு மூச்சு வந்தது.

உள்ளே, திரை போட்டு இருட்டாக்கிய அறையில், பிரவீனா என்ற பெண் இருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கண் பரிசோதனைப் படிப்புப் படித்துவிட்டு, அந்தக் கேமராவோடு வாரம் முழுக்க ஊர் சுற்றுகிறவள். ஒரு நாள் உக்கடம், ஒரு நாள் செல்வபுரம், ஒரு நாள் போத்தனூர். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே அவள் போவாள். வருகிறவர்களில் பாதிப்பேர், எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குப் படம் என்று சண்டை பிடிப்பார்கள். பின்னால் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் முன்னால் நன்றாகத்தான் தெரியும், தெரியாமல் போன பிறகு நாங்கள் செய்ய அதிகம் இருக்காது என்று சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் சொல்லுவாள். ஒரே பதிலை நாளுக்கு நாற்பது தடவை சொன்னாலும் முதல் தடவை சொல்கிற மாதிரியே சொல்லுவாள்.

சென்னியம்மாளைத் தாடையை வைக்கச் சொல்லி, பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னாள். வெளிச்சம் ஒரு முறை மின்னியது. இன்னொரு கண்ணுக்கு இன்னொரு முறை. அவ்வளவுதான். வெளியே உட்காருங்கம்மா, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றாள்.

சில நிமிடத்தில் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் படங்களைப் பார்க்கிற டாக்டர் சசிதர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், அன்று அவசரப்பட்டார். அந்தப் பாத்திமுத்தம்மாவை அனுப்பிடாதீங்க பிரவீனா என்றார்.

பிரவீனா படத்தைத் திறந்து பார்த்தாள். கண்ணின் பின்சுவர், ஆரஞ்சுச் சுளை நிறத்தில். நரம்பு நுழையும் இடத்தில் வெளிறிய ஒரு வட்டம். அதிலிருந்து ரத்தக்குழாய்கள் கிளைவிட்டுப் பிரிகின்றன. அதுவரை சரி. ஆனால் வலது கண்ணில், அந்த வட்டத்தின் மேல் சிக்கல் விழுந்த நூல் மாதிரி மெல்லிய புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. கீழே படகு வடிவத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருந்தது. அந்தப் புதுக் குழாய்களுக்குப் பலமில்லை. எப்போது வேண்டுமானாலும் உடையும். உடைந்தால் கண் முழுக்க ரத்தம் நிரம்பிவிடும்.

அவள் வெளியே ஓடி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

அன்று மாலையே பாத்திமுத்துவின் போன் அடித்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், லேசர் வைத்தால் காப்பாற்றிவிடலாம், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது. பாத்திமுத்து அப்படியே எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். சென்னியம்மாள் மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே கேட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான், அது முடியட்டும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ராசாத்தாளுக்குத் தெரியும். ஹரிதாவிடமும் அவரிடமும் மூச்சு விடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திமுத்து திட்டினாள், கெஞ்சினாள், அழுதும் பார்த்தாள். நடக்கவில்லை. அதற்குப் பிறகு பிரவீனாவின் போனை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போனை எடுக்காதவர்களைத் தேடிப் போவதும் பிரவீனாவின் வேலையில் ஒரு பகுதிதான். அப்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாக வைத்துக்கொண்டது. கையில் பிடிக்கிற சின்னக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலை அந்தக் காம்பவுண்டுக்குள் வந்தாள்.

பாத்திமுத்துவால் கதவைச் சாத்த முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் தெரியுது என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். சரிங்கம்மா, இன்னொரு தடவை மட்டும் பார்த்துக்கறேன் என்று பிரவீனா கேமராவை எடுத்தாள். படம் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வியாழக்கிழமை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது அந்தக் கண்ணு இல்லீங்களே," என்றாள்.

கைரேகை போல ரத்தக்குழாய் பிரிகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு, அது பொய் சொல்லாது என்று விளக்கினாள். அன்றைக்கு வந்தவரின் பர்தாவுக்குக் கீழே காலில் மெட்டி இருந்ததையும் சொன்னாள். அப்போதே ஏதோ உறுத்தியது, வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. உங்கள் கண் நன்றாக இருக்கிறது, சந்தோசமாக இருங்கள், ஆனால் அந்த இன்னொரு கண் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

பாத்திமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. "அது என்கிட்ட இருக்கிற அமானிதம் தாயி. ஒருத்தி நம்பிக் கொடுத்து வெச்சது. உசிரே போனாலும் என் வாயால சொல்ல மாட்டேன்."

பிரவீனா டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, நீங்கள் சொல்ல வேண்டாம் என்றாள். நாளைக்கு இங்கேயே, உங்கள் வீட்டிலேயே, இந்தக் காம்பவுண்டில் இருக்கும் எல்லாருக்கும் படம் எடுக்கிறேன். பெயர் கேட்க மாட்டேன், டோக்கன் நம்பர் மட்டும்தான். கண்ணைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். சொல்ல வேண்டியதை அவர்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஆளைக் காட்ட வேண்டாம், ஆட்களைக் கூட்டி வந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சசிதருக்கு விடுமுறை. பிரவீனா கேட்டதும், வீட்டிலிருந்தே பார்க்கிறேன், எடுக்க எடுக்க அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

பாத்திமுத்து அன்று இரண்டாள் வேலை செய்தாள். ஜன்னல்களில் போர்வையை மாட்டி முன்னறையை இருட்டாக்கினாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். கண்ணாடிக் கடை வைக்கப் போறீங்களாக்கா என்று கிண்டல் செய்த தறிக்காரரை முதல் ஆளாக இழுத்து வந்து உட்கார வைத்தாள். ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. போனால் தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். இத்தனை பேர் போவதைப் பார்த்து அவளாக வருவாள் என்று நினைத்தாள். சென்னியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கிரைண்டரை ஓட விட்டிருந்தாள்.

யாரும் கூப்பிடாமலே ராசாத்தாள் வந்து சேர்ந்தாள். அவளுடைய ஏரியாவில் அவளில்லாமல் முகாமா. வந்ததும் டோக்கன் கட்டைப் பிடுங்கிக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்தாள்.  ராசாத்தாள் சுற்றும் முற்றும் பார்த்தாள், நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, ஊரே வந்திருக்குது, நீங்க மட்டும் ஊட்டுக்குள்ள இருந்தா எப்படிங்க? வாங்க. உங்களுக்குக் கண்ணு பளிச்சுன்னு இருக்குதுன்னு நானே எங்கக்காகிட்டச் சர்ட்டிபிகேட் கொடுத்துப்போடறேன்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சென்னியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இருட்டறையில் பிரவீனா கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். திரையில் படம் விழுந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று நாளாக மனசுக்குள் சுமந்துகொண்டிருந்த கண். அதே சிக்கல், அதே படகு. படகு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கதவோரம் நின்ற ராசாத்தாளிடம், வெளியே வரிசை கலையுதுங்க, கொஞ்சம் பாருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நீ கண்டுபுடிச்சுட்டேன்னு தெரியும் கண்ணு, ஆனா என்னை விட்டுரு, மூணு வாரத்துல பொண்ணுக்குக் கல்யாணம், அது முடிஞ்சதும் நானே வாரேன் என்று மெதுவாகச் சொன்னாள். பிரவீனா திட்டவில்லை. எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வாருங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் நாளைக்கே வாருங்கள் என்றாள். அவள் அசையவில்லை. பிரவீனா சசிதரைப் போனில் கூப்பிட்டு, கல்யாண விஷயத்தையும் சொல்லி, போனை அவள் காதில் வைத்தாள்.

சசிதர் பயமுறுத்தவில்லை. மூன்று வாரத்தில் ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம், இன்றைக்கு ராத்திரியே உடையவும் செய்யலாம், எதுவென்று என்னால் சொல்ல முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"தாலி கட்டும்போது நீங்க எங்கே நிப்பீங்கம்மா?"

"பொண்ணுக்குப் பக்கத்துலங்க."

"அங்கிருந்து அவ முகத்தைப் பாக்கோணுமில்லீங்களா?"

 சென்னியம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வெயிலில் டோக்கன் கட்டோடு நின்றிருந்த ராசாத்தாள், என்னங்க, எல்லாம் சரிதானுங்களே என்று கேட்டாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை நாளைக்கும் சொல்ல வேண்டும், லேசர் வைத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், சீர் வரிசையிலும் விருந்திலும் பலகாரத்தைத் தின்றுகொண்டே சொல்ல வேண்டும். அவள் ராசாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தின் குறுக்கே கறுப்பு நூல்கள் மிதந்தன.

"இல்லீங்க," என்றாள். "எனக்குச் சக்கரைங்க. அஞ்சு வருசமா இருக்குது. மறைச்சுப்போட்டேன். இப்பக் கண்ணுல ஏறிடுச்சுங்க."

குழாயடியில் பேச்சு நின்றது. வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஹரிதா அப்படியே நின்றாள். சர்க்கரை அவளுக்குத் தெரியும். கண் தெரியாது.

 ராசாத்தாளுக்குள்ளிருந்து சம்பந்தி பேசவில்லை, மாத்திரை கொடுக்கிறவள்தான் பேசினாள்.

"அஞ்சு வருசமா என் ஏரியாவுல இருந்துகிட்டு என்கிட்ட மாத்திரை வாங்கலீங்களா? கல்லுக் குண்டாட்ட இருக்கறேன்னு சொன்னீங்களே. அத நம்பி நானும் எழுதிட்டுப் போனனே."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, என்னை மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு, டோக்கன் கட்டைப் பாத்திமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பொள்ளாச்சியிலிருந்து போன் வரவில்லை. தம்பிதுரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். ஹரிதா ஒரு முறை மொட்டைமாடிக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டு இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கல்யாணம் நின்றுபோயிற்று என்று சென்னியம்மாள் முடிவு செய்துகொண்டாள். காலையில் எழுந்து குளித்து, சொன்ன நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஹரிதாவும், பர்தா போட்டுக்கொண்டு பாத்திமுத்துவும் கூட வந்தார்கள். இந்தத் தடவை அதைப் போட்டிருந்தது அதற்குச் சொந்தக்காரி.

பிரவீனா வாசலிலேயே காத்திருந்தாள். அன்று அவளுக்குப் போத்தனூர் முறை. அதற்கு முன் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வந்திருந்தாள். சென்னியம்மாளை உள்ளே கூட்டிப்போய்ச் சசிதரிடம் விட்டாள். போனில் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன வயசா என்று சென்னியம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டார். சென்னியம்மாள் சொன்னாள். சொல்லும்போது குரல் தெளிவாகவே வந்தது.

சொட்டு மருந்து விட்டார்கள். லேசர் ஒளி பச்சைப் பச்சையாகக் கண்ணுக்குள் தெறித்தது. கொஞ்சம் வலித்தது, தாங்கிக்கொண்டாள். முதல் தடவை நல்லபடியாக முடிந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு தடவை வர வேண்டும், சர்க்கரையையும் இறக்க வேண்டும், தேங்கிய ரத்தம் மெல்லக் கரையும், இந்தக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று சசிதர் சொன்னார். இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். சென்னியம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டி, கும்பிடறதா இருந்தா அந்தப் பொண்ணைக் கும்பிடுங்க என்றார். திரும்பிப் பார்த்தால் பிரவீனா போத்தனூருக்குப் போயிருந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே வெளிச்சமும் புகையுமாகத் தெரிந்தது. மாத்திரை வாங்க ஹரிதாவும் பாத்திமுத்துவும் போனார்கள். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. வெள்ளைச் சட்டை, உயரமான உருவம். அவ்வளவுதான் தெரிந்தது.

"யாருங்க?" என்றாள்.

"அருளுங்க அத்தை."

நிச்சயம் முடிந்து இத்தனை நாளில் அவன் அவளை எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேச வேண்டியிருந்தால் ஏனுங்க என்று ஆரம்பிப்பான், அல்லது தம்பிதுரையிடம் சொல்லுவான். சென்னியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவன், உட்காருங்க, உட்காருங்க என்றான். நேற்றுச் சாயங்காலமே ஹரிதா பேசினாள் என்றும், யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் என்றும், யோசிக்க ஒன்றும் இல்லாததால் லீவு போட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னான்.

"உங்கம்மா என்ன சொன்னாங்க தம்பி?" அவளுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா இன்னும் பேசலீங்க. முகத்தைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. சித்தி காலையில முதல் பஸ்ஸுக்கே பொள்ளாச்சிக்குப் போயாச்சு. சித்தி பேச ஆரம்பிச்சா அம்மா தாங்க மாட்டாங்க." பிறகு, "மறைச்சதுக்குக் கோவம் இருக்குதுங்க. சக்கரைக்கு இல்லீங்க" என்றான்.

கோபப்படத்தானே வேண்டும் என்று சென்னியம்மாள் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருந்தா வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாத்திரைப் பையோடு திரும்பி வந்த ஹரிதா, பெஞ்சுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டாள். பாத்திமுத்து அவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அருள்குமார், வண்டி கீழே நிக்குது, படி இருக்குது, பாத்து வரோணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சென்னியம்மாளுக்கு முன்னால் கையை நீட்டினான். மருமகனாக வரப்போகிறவன் கையைப் பிடிப்பதா என்று அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு எழுந்து, அந்தக் கையைப் பற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.